மேஜைமேல் ஒரு ரயில்வே ஸ்டேஷன்

ரயில் விளையாட்டை விரும்பாத குழந்தை உலகத்தில் உண்டா? சாவி கொடுத்தால் சுற்றிவரும் தகர வண்டியானாலும் சரி, தீப்பெட்டிகளை நூலில் கோத்து இழுத்துச் செல்லும் வண்டியானாலும் சரி, 'கூ' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டால் குழந்தைக்கு அது பெரிய மெயில் வண்டிதான். ஆனால் அந்த வண்டி நிற்காமல் ஓடிக்கொண்டேயிருந்தால் ஐந்து நிமிஷத்தில் அலுத்துவிடுகிறது. ஒரு செங்கல்லைக் கொண்டுவந்து நிறுத்தி, "இதுதான் திருச்சி! எல்லாரும் இறங்குங்கள்!" என்று கூவிய பிறகே விளையாட்டுக் களைகட்டுகிறது. வண்டி வந்து நிற்க ஓர் இடமும், அங்கே காத்திருக்க நாலு பேரும் வேண்டும் என்பதைக் குழந்தை தானாகவே கண்டுபிடித்துவிடுகிறது.

அந்தச் செங்கல் ஸ்டேஷனை மேல்நாடுகளில் பெரியவர்கள் ஒரு கலையாகவே வளர்த்திருக்கிறார்கள். வீட்டு மாடியிலும் பின்கட்டிலும் பலகை அடித்து, தண்டவாளம் பதித்து, அட்டையாலும் மரத்தாலும் ஸ்டேஷன் கட்டி, கால அட்டவணைப்படி வண்டி விடுகிறார்கள். இந்தக் கலையைச் சென்ற சில ஆண்டுகளாக நமது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து நாமும் பழகி வருகிறோம். அதில் நாம் பட்ட அவமானத்தையும் அடைந்த ஆனந்தத்தையும், கடைசியில் கற்ற பாடத்தையும் நேயர்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

எழும்பூரைக் கட்டிய கதை

பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு மாதிரி ரயில் அமைப்பது என்று முடிவானதும் பிள்ளைகள் ஒரே குரலாக, "எழும்பூர் ஸ்டேஷன் கட்டுவோம், சார்!" என்றார்கள். நாமும் ஆசைப்பட்டுச் சம்மதித்தோம். சென்னை எழும்பூர் ஸ்டேஷன் 1908-ல் திறக்கப்பட்டது. சிவப்புச் செங்கல்லும் வெள்ளை விளிம்புகளும் கும்மட்டங்களுமாக அரண்மனை போல் நிற்கும் அந்தக் கட்டடத்தின்மேல் யாருக்குத்தான் மோகம் வராது? புகைப்படங்களைப் பார்த்துப் பார்த்து, இரண்டு மாதம் உழைத்து, எட்டடி மேஜையின்மேல் ஐந்தடி நீளத்துக்கு எழும்பூரை எழுப்பிவிட்டோம்.

கண்காட்சி அன்று வண்டி வந்தது. அப்போதுதான் நமது அசட்டுத்தனம் வெளியாயிற்று. மாளிகைக்கே இடம் சரியாகப் போய்விட்டதால் பிளாட்பாரத்துக்கு மிஞ்சியது இரண்டடி. நாலு பெட்டியும் ஓர் எஞ்சினும் சேர்ந்த வண்டியோ நாலடி. எஞ்சின் பிளாட்பாரத்தைத் தாண்டி ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. கடைசிப் பெட்டி மறுபக்கம் அந்தரத்தில் நின்றது. பார்க்க வந்தவர்கள் "பேஷ்!" என்றார்கள், அரை நிமிஷம் நின்றார்கள், பக்கத்து மேஜையில் நுரை கக்கிக்கொண்டிருந்த எரிமலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

இதில் உள்ள கணக்கைப் பிறகுதான் கரும்பலகையில் போட்டுப் பார்த்தோம். உலகில் மிகப் பலர் கையாளும் அளவுக்கு 'எச். ஓ.' என்று பெயர். நிஜத்தில் 87 பங்கு இருப்பது இதில் ஒரு பங்கு. அதாவது, ஓர் அடி மூன்றரை மில்லிமீட்டர் ஆகிவிடும். இங்கிலாந்தில் 'ஓ. ஓ.' என்ற அளவு பெருவழக்கு. அதில் ஓர் அடிக்கு நாலு மில்லிமீட்டர். நம் நாட்டில் இன்று ஓடும் 24 பெட்டி விரைவு வண்டியை எச். ஓ. அளவில் சுருக்கினால் எஞ்சினோடு சேர்த்து ஏறக்குறைய 21 அடி நீளம் வரும். கர்நாடகத்தில் ஹூப்ளி ஸ்டேஷனில் 2023-ல் திறக்கப்பட்ட பிளாட்பாரத்தின் நீளம் 1,507 மீட்டர். அதை 87-ல் ஒன்றாக்கினாலும் 17 மீட்டருக்கு மேல் போகிறது. எந்த வீட்டுக் கூடத்தில் அதற்கு இடம் இருக்கிறது?

ஆகவே எவ்வளவு பெரிய நிபுணரானாலும் ஒரு பெரிய ஸ்டேஷனை உள்ளது உள்ளபடி வீட்டில் அமைக்க முடியாது. எதையாவது விட்டே ஆகவேண்டும். எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்பதில்தான் இந்தக் கலையின் சூட்சுமம் அடங்கியிருக்கிறது. எழும்பூரில் நாம் கும்மட்டத்தை வைத்துக்கொண்டு, பிரயாணி நிற்கவேண்டிய இடத்தை விட்டுவிட்டோம்!

சிறிய ஊரின் பெருமை

இந்தச் சங்கடத்துக்கு இங்கிலாந்துக்காரர்கள் ஓர் அழகான வழி கண்டார்கள். பெரிய நகரத்தை விட்டுவிட்டு, கிளைப்பாதை போய் முடியும் சின்னஞ்சிறு ஊரைப் பிடித்துக்கொண்டார்கள். அத்தகைய ஊருக்கு வருவதே இரண்டு பெட்டி வண்டி. ஒரு பிளாட்பாரம், ஒரு சரக்குக் கொட்டகை, எஞ்சின் தங்க ஒரு கொட்டில் — இவ்வளவுதான் ஸ்டேஷன். அதிகமாகச் சுருக்காமலே ஒரு சுவரோரத்தில் அடங்கிவிடும்.

இப்படிப் பலருடைய மனத்தைக் கவர்ந்த ஸ்டேஷன்களில் ஒன்று டெவன் ஜில்லாவில் இருந்த ஆஷ்பர்ட்டன். 1872-ல் திறக்கப்பட்டது. வண்டியும் பிளாட்பாரமும் ஒரே மரக்கூரையின்கீழ் அடங்கும். மழை பெய்தால் எல்லாரும் அந்தக் கூரைக்குள் ஒண்டிக்கொள்ளலாம். அதை அச்சாக வைத்து எத்தனையோ பேர் மாதிரி செய்திருக்கிறார்கள்.

ஜான் அஹெர்ன் என்பவர் இன்னும் ஒரு படி மேலே போனார். 1930-களின் பிற்பகுதியில் அவர் கட்டத் தொடங்கிய 'மாடர் பள்ளத்தாக்கு ரயில்வே' முழுதும் கற்பனை. துறைமுகம், கிராமம், மதுக்கடை, மாதா கோயில் எல்லாம் அதில் உண்டு. அதுவரை பெரும்பாலோர் தண்டவாளத்தையும் எஞ்சினையும் மட்டுமே கவனித்து வந்தார்கள். அஹெர்னோ முதலில் ஊரை உண்டாக்கினார். அந்த ஊருக்கு ரயில் ஏன் வருகிறது என்ற காரணத்தையும் சேர்த்து உண்டாக்கினார். ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு தெருவும், அந்தத் தெருவில் ஒரு கடையும் இருந்தால்தான் அது ஸ்டேஷன் என்பதை அவரிடமிருந்தே பலர் கற்றார்கள்.

பீட்டர் டென்னி என்ற பாதிரியார் பக்கிங்ஹாம் என்ற ஊருக்குப் போகும் கிளைப்பாதையை நெடுங்காலம் கட்டி வளர்த்தார். வண்டிகள் கண்ணுக்குத் தெரியும் பலகையை விட்டுப் போனதும் திரைக்குப் பின்னே மறைந்து நிற்க அவர் தனியிடம் அமைத்திருந்தார். நம் நாடக மேடையின் பக்கத்திரையை நினைத்துக்கொண்டால் விஷயம் விளங்கிவிடும். ராஜா வேஷக்காரர் திரைக்குப் பின்னால் போனாரானால், அவர் வேட்டைக்குப் போய்விட்டார் என்று சபையோர் நம்புகிறார்கள் அல்லவா? அதுபோல், திரைக்குள் போன வண்டி லண்டனுக்குப் போய்விட்டது என்று நம் மனமும் நம்பிவிடுகிறது. முப்பது மைல் தண்டவாளத்தை ஒரு சின்னத் திரை மிச்சப்படுத்திவிடுகிறது!

கல்யாணப் படமும் செங்கல் கணக்கும்

இதையெல்லாம் படித்தறிந்த பின், அடுத்த ஆண்டுக் கண்காட்சிக்கு எழும்பூரைக் கைவிட்டோம். "நம் ஊர்ப் பழைய ஸ்டேஷனைக் கட்டினால் என்ன?" என்று கேட்டோம். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதை அவர்கள் பார்த்ததேயில்லை. மீட்டர் கேஜ் பாதை போய் அகலப்பாதை வந்தபோது அந்தக் கட்டடமும் போய்விட்டது. நமக்கு மட்டும் நினைவிருந்தது: ஓடு வேய்ந்த தாழ்வாரம், வேப்பமரம், சிவப்பு வாளிகளில் மணல், தொங்கவிட்ட தண்டவாளத் துண்டே மணி. நாம் கல்லூரிக்குப் போனதும், பட்டம் பெற்றுத் திரும்பி வந்து இறங்கியதும் அந்தத் தாழ்வாரத்தில்தான்.

ஆனால் நினைவை வைத்துக்கொண்டு அட்டை வெட்ட முடியாது, அளவு வேண்டும். வீடு வீடாகக் கேட்டதில் ஒரே ஒரு நல்ல படம் அகப்பட்டது. புதுமணத் தம்பதியை வழியனுப்ப வந்த உறவினர் கூட்டம் ஸ்டேஷன் வாசலில் நின்று எடுத்துக்கொண்ட படம். பாதித் தாழ்வாரத்தைப் பெண் வீட்டார் மறைத்துக்கொண்டு நின்றார்கள்!

இருந்தாலும் படத்தில் செங்கல் தெரிந்தது. அது போதும். பழைய செங்கல் சுவரில் நாலு வரிசை, சாந்தோடு சேர்ந்து, ஓர் அடிக்குச் சற்று அதிகம். வரிசைகளை எண்ணினால் சுவரின் உயரம் வந்துவிடும். கதவு ஏறக்குறைய ஏழடி இருக்கும் என்று வைத்துக்கொண்டு அதோடு ஒத்துப் பார்க்கலாம். மாப்பிள்ளையின் உயரத்தை வைத்தும் சரிபார்த்தோம். அவர் இன்றும் ஊரில் சௌக்கியமாக இருக்கிறார். க்ஷேத்திர கணிதம் என்றால் முகம் சுளிக்கும் ஒரு பையன், இந்தப் படத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரம் இரவு பகலாகக் கணக்குப் போட்டான் என்றால் நேயர்கள் நம்பவேண்டும்.

கட்டுவதற்குப் பெரிய செலவில்லை. ஒன்றரை மில்லிமீட்டர் கனமுள்ள அட்டை, கூரான கத்தி, இரும்பு அளவுகோல், பசை, நீர் வர்ணம் — இவையே முதல். சுவர்களைத் தட்டையாக வைத்திருக்கும்போதே ஜன்னல் கதவுகளை வெட்டி, செங்கல் கோடுகளை மழுங்கிய முனையால் கீறி, வர்ணமும் தீட்டிவிட வேண்டும். நிறுத்திய பிறகு கை நுழையாது. மூலைகளில் உட்புறமாகச் சிறு மரத்துண்டுகளை ஒட்டினால் சுவர் வளையாது. கண்ணாடிக்குத் தெளிந்த பிளாஸ்டிக் தாள். ஓட்டுக் கூரைக்கு மெல்லிய காகிதப் பட்டைகளை விளிம்பில் பல் பல்லாக வெட்டி, கீழிருந்து மேலாக ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி ஒட்டவேண்டும். நிஜக் கூரையில் ஓடு வேய்வதும் அப்படித்தானே?

வர்ணத்தில் ஓர் எச்சரிக்கை. கடையில் வாங்கிய சிவப்பை அப்படியே பூசினால் பொம்மைபோல் பளபளக்கும். தூரத்திலிருந்து பார்க்கும் பொருளின் நிறம் சற்று வெளுத்தே தெரியும். ஆகவே எந்த வர்ணத்திலும் கொஞ்சம் சாம்பல் நிறத்தைக் கலக்கவேண்டும். பளபளப்பு உதவவே உதவாது. ஓட்டின்மேல் புகைக்கறை, சுவரடியில் மழைநீர் தெறித்த மண்கறை, சாய்ந்து சாய்ந்து முதுகு பட்ட தூணில் எண்ணெய்க் கறை — இவை இருந்தால்தான் அங்கே மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்று தோன்றும்.

பிளாட்பாரம் வளைவாக அமைந்தால் ஒரு தொல்லை உண்டு. நீண்ட பெட்டி வளைவில் திரும்பும்போது அதன் நடுப்பகுதி உட்பக்கமும் முனைகள் வெளிப்பக்கமும் பிதுங்கும். பிளாட்பாரத்தை ஒட்டிக் கட்டினால் இடிக்கும். தள்ளிக் கட்டினால் பிரயாணி தாண்டிக் குதிக்கவேண்டும். இதற்கு ஒரு சுலபமான யுக்தி: நம்மிடமுள்ள மிக நீளமான பெட்டியின் பக்கத்தில் ஒரு பென்சிலைக் கட்டி, பாதை நெடுக மெதுவாகத் தள்ளவேண்டும். பென்சில் போட்ட கோடுதான் பிளாட்பாரத்தின் விளிம்பு.

நிறுத்திக் காட்டும் விதம்

கட்டுவது பாதி, காட்டுவது மறுபாதி. நமது எழும்பூர் இரண்டரை அடி உயரமுள்ள மேஜையில் இருந்தது. பார்த்தவர்களெல்லாம் பருந்து பார்ப்பதுபோல் கூரையைத்தான் பார்த்தார்கள். இம்முறை பலகையை நாலடி உயரத்துக்குத் தூக்கினோம். பார்ப்பவர் கண் ஏறக்குறைய பிளாட்பாரத்தில் நிற்பவர் கண்ணாகிவிட்டது. குழந்தைகள் ஏறிப் பார்க்க ஒரு பெஞ்சு போட்டோம்.

தண்டவாளத்தை மேஜை விளிம்புக்கு நேராகப் போடாமல் சற்றுச் சாய்வாகப் போட்டோம். விளிம்போடு ஒட்டி ஓடும் பாதை, மேஜைக்காகவே ஏற்பட்டது போலத் தோன்றும். சாய்ந்து ஓடும் பாதையோ எங்கிருந்தோ வந்து எங்கோ போகிறது. பின்புறத்தில் கடைத்தெருவுக்கு முழு வீடுகள் கட்டவில்லை; அரை அங்குல ஆழமுள்ள முன்சுவர்களை மட்டும் வானம் தீட்டிய பலகையோடு சாய்த்து நிறுத்தினோம். விளக்கை ஒரே பக்கத்திலிருந்து போட்டோம். தாழ்வாரத்தில் மாலை நிழல் விழுந்தது.

ஆட்களையும் வைத்தோம். ஐந்தரை அடி மனிதன் இந்த அளவில் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஓடுகிறவன், கை வீசுகிறவன் போன்ற பொம்மைகளைத் தவிர்த்தோம். வண்டி வந்து போன பிறகும் அவன் கை வீசிக்கொண்டே நிற்பது சிரிப்பாக இருக்கும். உட்கார்ந்திருப்பவர், சாய்ந்து நிற்பவர், மூட்டைமேல் தலை வைத்துத் தூங்குபவர் — இவர்களே போதும். ஸ்டேஷனில் ஜனங்கள் பெரும்பாலும் காத்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்?

வந்து நின்ற பெரியவர்

கண்காட்சியின் இரண்டாம் நாள் ஒரு பெரியவர் பேரனைப் பிடித்துக்கொண்டு வந்தார். பேரன் எரிமலைக்குப் போகலாம் என்று இழுத்தான். அவர் நகரவில்லை. வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, மணி இந்தத் தூணில் இல்லை, அடுத்த தூணில்" என்றார்.

அந்த ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். ஒற்றைப் பாதையில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வராமலிருக்க டிரைவரிடம் ஓர் இரும்புப் பந்தை ஒப்படைப்பார்கள் என்றும், அந்தப் பந்து கையில் இல்லாமல் எந்த டிரைவரும் அடுத்த ஸ்டேஷனுக்குப் புறப்படக்கூடாது என்றும் சொன்னார். பிரம்பு வளையத்தில் கட்டிய பையில் பந்தை வைத்து, நில்லாமல் போகும் வண்டிக்கு இரவில் தீவட்டி வெளிச்சத்தில் தாம் நீட்டியதை எழுந்து நின்று நடித்துக் காட்டினார். டிரைவர் தம் வளையத்தைக் கீழே வீசிவிட்டு, நீட்டிய வளையத்தைக் கையில் மாட்டிக்கொண்டு போய்விடுவாராம். "ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை, சார்" என்றார். எந்தப் பாடப் புத்தகமும் அந்தப் பிள்ளைகளை அவ்வளவு நேரம் வாய் மூடி உட்காரவைத்ததில்லை.

போகும்போது, "பெஞ்சு காலியாக இருக்கிறதே! தயிர்க்காரி அதில்தானே உட்காருவாள்?" என்று கேட்டார். மறுநாள் காலைக்குள் பிள்ளைகள் தயிர்க்காரியைச் செய்து, பக்கத்தில் ஒரு கூடையும் வைத்துவிட்டார்கள். மணியும் அடுத்த தூணுக்குப் போயிற்று.

இன்னும் கேட்கவேண்டியவற்றை ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொண்டோம். விடுமுறை கழிந்து அவர் வீட்டைத் தேடிப் போனபோது வாசலில் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் காலமாகிப் பத்து நாளாகியிருந்தது.

அளந்து வையுங்கள்

இங்கிலாந்திலும் இந்தக் கலை இத்தகைய ஏக்கத்தால்தான் ஆழம் பெற்றது. ராய் இங்கிலாந்து என்ற இளைஞர் 1925-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து அங்கே வந்தார். கண்ணுக்கு இனிய பழைய கூரை வீடுகள் ஒவ்வொன்றாக மாறி வருவதைக் கண்டு மனம் பொறாமல், அவற்றை அளந்து மாதிரியாகக் கட்டத் தொடங்கினார். அதிலிருந்து 1954-ல் லாங் விட்டன்ஹாம் என்ற கிராமத்தில் 'பெண்டன்' என்ற காட்சிசாலை பிறந்தது. அஹெர்னின் மாடர் பள்ளத்தாக்கும் இன்று அங்கேதான் இருக்கிறது.

1963-ல் டாக்டர் பீச்சிங் என்பவர் அந்நாட்டு ரயில்வேயின் நஷ்டத்தைக் குறைக்க ஓர் அறிக்கை வெளியிட்டார். 2,363 ஸ்டேஷன்களை மூடலாம் என்று அதில் கண்டிருந்தது. ஆஷ்பர்ட்டனில் பிரயாணி வண்டி அதற்கு முன்பே, 1958-ல், நின்றுவிட்டது. 1962-ல் சரக்கு வண்டியும் நின்றது. பிறகு அந்தக் கிளைப்பாதையை ஆர்வமுள்ளவர்கள் எடுத்து 1969-ல் மறுபடி வண்டி விட்டபோது, திறந்து வைத்தவர் அதே டாக்டர் பீச்சிங்தான்! ஆனால் ஆஷ்பர்ட்டன் முனைக்கு அந்தப் பாக்கியம் நீடிக்கவில்லை. பாதை இருந்த இடத்தை நெடுஞ்சாலை எடுத்துக்கொண்டது. ஆஷ்பர்ட்டனுக்கு இன்று ரயில் வருவது மாதிரிகளை அளந்து கட்டியவர்களின் வீட்டுப் பலகைகளில்தான்.

மேல்நாட்டுக் கடைகளில் ஜெர்மன் ஸ்டேஷன், ஆங்கில ஸ்டேஷன் எல்லாம் பெட்டியில் அடைத்து விற்கிறார்கள். வாங்கி ஒட்டினால் தீர்ந்தது. நம் ஊர் வேப்பமரத்தடி ஸ்டேஷனை நாமே கட்டினால்தான் உண்டு. அதற்கு முதல் வேலை, அது நிற்கும்போதே போய்ப் பார்ப்பது. வரும் ஞாயிற்றுக்கிழமை, உரியவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, உங்கள் குழந்தைகளை அழைத்துச் செல்லுங்கள். கட்டடத்தின் நாலு பக்கத்தையும் படம் எடுங்கள். படத்தில் ஓர் அடிக்கோலும் தெரியட்டும். தூண்களை எண்ணுங்கள். மணி எந்தத் தூணில் தொங்குகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். அங்கே வேலை பார்த்த பெரியவர் யாரேனும் ஊரில் இருந்தால் அன்றைக்கே போய்ப் பேசுங்கள். நாம் செய்ததுபோல் விடுமுறைக்குத் தள்ளிப் போடவேண்டாம்.

நமது மாதிரி ஸ்டேஷனில் எல்லாம் இருக்கிறது; ஒன்று மட்டும் இல்லை. ஒவ்வொரு ஸ்டேஷன் பெயர்ப் பலகையிலும், கடல் மட்டத்துக்கு மேல் அந்த இடம் எவ்வளவு உயரம் என்று ஓர் எண் எழுதியிருக்கும். ஆயிரம் முறை அந்தப் பலகையின்கீழ் நின்றிருக்கிறோம், எண் நினைவில்லை. கல்யாணப் படத்தில் பலகையே விழவில்லை. பெரியவரிடம் கேட்கவேண்டியவற்றில் அதுதான் முதல் கேள்வியாக இருந்தது. புதிய ஸ்டேஷனின் பலகையைப் பார்த்து எழுதிவிடலாமே என்று ஒரு பையன் சொன்னான். "புதிய தளத்தின் உயரம் வேறாக இருக்கலாமே, சார்" என்று, க்ஷேத்திர கணிதத்துக்கு முகம் சுளித்த அந்தப் பையனே மறுத்துவிட்டான். ஆகவே மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயர் மூன்று பாஷையிலும் இருக்கிறது. எண் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது.